எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

முதுகு நோகாமல் மண் வெட்ட எந்தக் கருவியை வாங்கலாம் என்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். எடை குறைந்த கருவியே முதுகுக்கு நல்லது என்று அது சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. மண்ணை அள்ளி வீசும் வேலைக்கு இலேசான கருவி சரி. இறுகிய தரையை வெட்டும்போது இலேசான மண்வெட்டி துள்ளித் திரும்பும்; கனமானதென்றால் அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். முதுகை ஒடிப்பது பெரும்பாலும் குட்டையான காம்புதான். அது குறையக் குறைய நாம் குனிவது கூடுகிறது. முடிந்தால் நிமிர்ந்து நின்று காலால் மிதித்து இறக்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். கைக்குப் பதில் உடலின் எடை மண்ணைப் பிளக்கும். மிதிக்கும் விளிம்பு மடித்து அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பாதம் நோகும்.

கூர்மையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. அரத்தால் விளிம்பைச் சாய்வாகத் தீட்டிவிட்டால் வேரோடிய மண்ணிலும் தகடு சிக்காமல் இறங்கும். மழுங்கிய கருவியோடு மல்லுக்கட்டும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஈரக் களிமண்ணுக்குச் சிறிய தகடே போதும். அகலத் தகட்டில் ஒட்டிக்கொண்டு வரும் பாரத்தை ஒவ்வொரு முறையும் தூக்குவது நீங்கள்தான். தூக்கிய மண்ணோடு இடுப்பைத் திருகாமல், காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள்.