இந்த 'செட்' படுத்தும் பாடு

கண்ணாடித் தம்ளர் ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் வாங்க முடிகிறதா? "தனியாக வராது சார், செட்டாகத்தான்" என்கிறார் கடைக்காரர். செட் என்றால் எத்தனை? தம்ளரில் ஆறு. தோசையில் ஓர் ஓட்டலில் இரண்டு, எதிர் ஓட்டலில் மூன்று. பம்ப் செட், மைக் செட் என்றால் எண்ணிக்கையே கிடையாது. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இதன் வினைச்சொல்லுக்கு மட்டும் 430க்கும் மேற்பட்ட பொருள்கள். போதாதென்று நாம் சேர்த்தது 'செட் ஆகாது'. அதுதான் பெரிய எரிச்சல். தையல்காரர், வீட்டுத் தரகர், கல்யாணத் தரகர் (இவர் ஜாதகத்தைப் பிரிக்கும் முன்பே) எல்லோரிடமும் இதே பதில். ஏன் ஆகாது என்று கேட்டால், சற்று உரக்க, "செட் ஆகாதுங்க!"