ஆஸ்பர்ன் கணினி: வடிவமைத்தவர் வேறு

செல்வம் அண்ணா, ‘திருவண்ணாமலையில் வளர்ந்த ஆடம் ஆஸ்பர்ன் தன் கையால் முதல் லேப்டாப்பை வடிவமைத்தார்’ என்பதைத் தண்டையார்பேட்டை பிள்ளைகளின் வினாடி வினாவில் அப்படியே போட்டுவிடாதீர்கள். அவர் சிறுவயதில் ரமணாசிரமச் சூழலில் வளர்ந்ததும், 2003-ல் கொடைக்கானலில் காலமானதும் உண்மை. ஆனால் 1981-ல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட ஆஸ்பர்ன் 1 கணினியை வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். அதற்கு முன்பே சால்-20 கணினியை வடிவமைத்த ஆள் அவர்.

அப்புறம், அது லேப்டாப்பே இல்லை. ஏறக்குறைய 11 கிலோ. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். பேட்டரியும் உள்ளே கிடையாது, சுவர் பிளக்கில் செருகினால்தான் ஓடும். திரை வெறும் 5 அங்குலம், ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். மீதியைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். தூக்கிச் செல்லும் கணினிகளில் முதல் என்பதும் சரியில்லை, ஐபிஎம் 5100 1975-லேயே வந்துவிட்டது.

ஆஸ்பர்னின் கெட்டிக்காரத்தனம் வியாபாரத்தில். கணினியோடு வேர்ட்ஸ்டார் (கடிதம், கட்டுரை தட்டச்சு செய்ய), சூப்பர்கால்க் (கணக்கு அட்டவணை போட) மென்பொருள்கள் எல்லாம் சேர்த்து 1,795 டாலருக்குக் கொடுத்தார். மென்பொருளைத் தனியாக வாங்கினாலே கணிசமாகச் செலவாகும் காலம் அது. கேள்வியை ‘ஆஸ்பர்ன் 1-ஐ வடிவமைத்தவர் யார்?’ என்று மாற்றிவிடுங்கள், நம்ம பசங்க திணறட்டும்.