தினமும் தள்ளிப்போகும் ஐம்பது நிமிடம்

அமைதியான கடலோர ஊரில் இன்றும் நாளையும் ஒன்றுபோலவே இருக்கும் என்கிறது, கடலோர வாழ்க்கை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. மற்றதெல்லாம் மனதைத் தொட்டது, இந்த ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நிலவும் நகர்ந்துகொண்டே இருப்பதால், கடல் ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. பெரும்பாலான கரைகளில், இன்று காலை பிள்ளைகள் ஓடி விளையாடிய ஈரமணல் அடுத்த வாரம் அதே நேரத்தில் தண்ணீருக்கடியில் இருக்கும். அங்கே வாழ்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் கடலைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

காற்றும் அப்படித்தான். வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாவதால், மதியம் கொடியில் காயும் துணி ஊர்ப்பக்கம் படபடக்கும். இரவில் நிலம் முந்திக் குளிர்ந்ததும் கடல் பக்கம் திரும்பிவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. வெப்பமண்டலக் கரைகளில் நீர் வற்றியதும் பொடி நண்டுகள் மணலை வாயில் அலசி, உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டைகளாகப் போட்டு வைக்கும். வளையைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கோலம்போலப் பரவிக் கிடக்கும். அடுத்த ஏற்றம் அத்தனையையும் அழித்துவிடும். அது வருவதற்குள் ஒருமுறை குனிந்து பாருங்கள்.