அடுத்தவன் காசுல அமைதிப்படை ஒத்திகை

ஆப்பிரிக்க ராணுவங்களுக்கு வெளிநாட்டுக்காரன் காசு குடுத்து அமைதிப்படை பயிற்சி நடத்துறத பத்தி பேச்சு வந்தாலே நம்மாளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுறாங்க. ஒரு கட்சி இது பூரா ஏகாதிபத்திய சதின்னு சொல்லும், இன்னொரு கட்சி பக்கத்து பக்கத்து நாட்டு ராணுவம் ஒண்ணா பழகினா நல்லதுதானேன்னு கேக்கும். எனக்கு ரெண்டுமே பத்தல. காசு எங்கேருந்து வருதுங்கறத விட, அந்த காசுல எத ஒத்திகை பாக்குறாங்க, எத தொடாமலே விட்டுடுறாங்கங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். 1994 ஏப்ரல்ல ருவாண்டால ஆளுங்கள வெட்டி சாச்சிட்டு இருக்கும்போதே, அங்க இருந்த ஐநா படைய 270 பேரா குறைச்சுக்கலாம்னு பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டுச்சு. அந்த அசிங்கத்துக்கு அப்புறம் மேற்கு நாடுகளுக்கு தோணின வழி, நம்ம பசங்கள அனுப்பவே வேணாம், ஆப்பிரிக்க ராணுவங்களையே தயார் பண்ணிடலாம். அமெரிக்கா ஒரு திட்டம் போட்டுச்சு, பிரான்ஸ் ரெக்காம்ப்னு ஒண்ணு ஆரம்பிச்சு 1998ல செனகல், மாலி, மௌரிடேனியா மூணையும் சேத்து கிதிமாக்கான்னு பெரிய பயிற்சி நடத்துச்சு, தெற்கு பக்கம் பிரிட்டன் இறங்குச்சு.

அந்த தெற்கு கதைதான் எனக்கு மறக்காது. 1997 ஏப்ரல், ஜிம்பாப்வேல ந்யாங்கா மலைப்பக்கம் ஒரு அமைதிப்படை பயிற்சி, 'ப்ளூ ஹங்வே'ன்னு பேரு. பிரிட்டிஷ் ராணுவ பயிற்சிக் குழு கூட நின்னு நடத்திக் குடுத்துச்சு. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா, போட்ஸ்வானா, லெசோத்தோன்னு பக்கத்து நாட்டு சிப்பாய்ங்க எல்லாம் ஒரே முகாம்ல இருந்தாங்க. பத்து வருஷம் முன்னாடி வரைக்கும் இதுல சில பேர் ஒருத்தர ஒருத்தர் சுட்டுக்கிட்டு இருந்தவங்க, அத நினைச்சா அதுவே சாதாரண விஷயம் இல்ல, ஒத்துக்கறேன்.

சரி, அடுத்த வருஷம் என்ன ஆச்சு? 1998 ஆகஸ்ட்ல காங்கோல அதிபர் கபிலாவோட ஆட்சி ஆட்டம் கண்டுச்சு. சாடெக்ங்கறது தெற்கு ஆப்பிரிக்க நாடுகளோட கூட்டமைப்பு. அதோட பாதுகாப்பு பிரிவுக்கு ஜிம்பாப்வே அதிபர் முகாபே தலைவர், மொத்த சாடெக்குக்கு மண்டேலா தலைவர், ரெண்டு பேருக்கும் யாருக்கு யார் பதில் சொல்லணும்னு அதுக்கு முன்னாடியே தகராறு ஓடிட்டு இருந்துச்சு. சாடெக் பேர சொல்லி ஜிம்பாப்வே, நமீபியா, அங்கோலா மூணும் கபிலாவ காப்பாத்த படை அனுப்பிருச்சு, தென்னாப்பிரிக்கா பேசித் தீத்துக்கலாம்னு நின்னுச்சு. ஆனா அதே தென்னாப்பிரிக்கா அடுத்த மாசமே லெசோத்தோக்குள்ள போச்சு! அதுவும் சாடெக் பேர்லதான்.

லெசோத்தோ சமாச்சாரம் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம பக்கம் யாரும் இத பேசி நான் பாத்ததில்ல. அந்த வருஷம் மே மாச தேர்தல்ல ஆளுங்கட்சி 80 சீட்ல 79 எடுத்துச்சு. எதிர்க்கட்சிக்காரங்க மோசடின்னு சொல்லி அந்த நாட்டு ராஜாவோட அரண்மனை வாசல்ல உக்காந்துட்டாங்க, ராணுவத்துல கலகம், பிரதமர் மோசிசிலி பக்கத்து நாடுகள உதவிக்கு கூப்பிட்டார். தென்னாப்பிரிக்கால மண்டேலாவும் ஊர்ல இல்ல, துணை அதிபர் எம்பெக்கியும் இல்ல, தற்காலிக அதிபரா இருந்த புத்தெலேசி உத்தரவு குடுக்க, செப்டம்பர் 22 விடியக்காலைல சுமார் 600 தென்னாப்பிரிக்க சிப்பாய்ங்க எல்லை தாண்டி லெசோத்தோ தலைநகர் மசேரு உள்ள வந்தாங்க. எதிர்ப்பு பெருசா இருக்காதுன்னு நினைச்சிருப்பாங்க போல, ஆனா லெசோத்தோ ராணுவம் நின்னு சண்டை போட்டுச்சு. கட்சே அணைல மட்டும் லெசோத்தோ சிப்பாய்ங்க 16 பேர் செத்தாங்க. சேந்து வர வேண்டிய போட்ஸ்வானா படை பின்னாடிதான் வந்து சேந்துச்சு. அதுக்குள்ள மசேரு கடைவீதிய கொள்ளையடிச்சு கொளுத்திட்டாங்க, ஊர காக்க போதுமான ஆள் இல்ல. சண்டை போட்ட தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ ராணுவம் ரெண்டும் அதுக்கு முந்தின வருஷம் ஒரே முகாம்ல அமைதிப்படை பயிற்சி எடுத்ததுங்கதான்.

பயிற்சி தப்புன்னு நான் சொல்ல வரல. ந்யாங்கால ரேடியோ, செக்போஸ்ட், நிவாரண வண்டிக்கு பாதுகாப்புன்னு எல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாங்க. யார் உத்தரவுல எல்லை தாண்டுறது, அனுமதி யார் குடுக்கணும், ரெண்டு அதிபருங்க முறைச்சுக்கிட்டா என்ன பண்றதுங்கறத மட்டும் சிப்பாய்ங்கள மட்டும் வச்சு எந்த முகாம்லயும் பழக்க முடியாது. வெளிநாட்டுக்காரன் அத தொடவும் மாட்டான், தொட்டா உள்விவகாரம்னு கத்துவாங்க. அந்த பாதுகாப்பு பிரிவுக்கு ஒழுங்கான சட்டதிட்டம் 2001ல பிளான்டயர் மாநாட்லதான் கையெழுத்தாச்சு, பயிற்சி முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சு. பொண்ணு பாக்காமலே மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்த கதைதான்.

மேற்கு பக்கமும் இப்படி ஒண்ணு உண்டு. 1999 ஆரம்பத்துல கினி-பிசாவுக்கு டோகோ, பெனின், நைஜர், காம்பியா நாலும் சேந்து 600 பேர் மாதிரி அமைதிப்படை அனுப்புச்சு, பிரான்ஸ் உதவியோட. நைஜர் சிப்பாய்ங்க அங்க அடுத்தவன் நாட்ட காத்துட்டு இருக்கும்போது, ஏப்ரல் 9 அன்னிக்கு அவங்க சொந்த அதிபரையே அவரோட காவல் படைக்காரங்க தலைநகர் நியாமே ஏர்போர்ட்ல வச்சு சுட்டுக் கொன்னுட்டாங்க. அடுத்த மாசம் பிசாவுலயும் ஆட்சி கவுந்துச்சு.

அதுக்காக வெளிநாட்டு காசே வேணாமா? அப்படியும் இல்ல. 2003ல புருண்டிக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் தன்னோட முதல் அமைதிப்படைய அனுப்புச்சு. தென்னாப்பிரிக்கா முதல்ல நின்னுச்சு, எத்தியோப்பியாவும் மொசாம்பிக்கும் மனசு இருந்தும் காசு இல்லாம மாசக்கணக்குல கிளம்ப முடியல. அமெரிக்கா எத்தியோப்பியாவுக்கும் பிரிட்டன் மொசாம்பிக்குக்கும் கை குடுத்த பிறகுதான் வந்து சேந்தாங்க, 2004ல ஐநா பொறுப்பெடுத்துக்குச்சு. அங்க என்ன வித்தியாசம்னா, எதுக்கு போறோம் யார் சொல்லிப் போறோம்ங்கறது முடிவாகி இருந்துச்சு, குறை விமானம், லாரி, சம்பளத்துலதான். இந்த மாதிரி குறைக்கு குடுக்கற ஒவ்வொரு டாலரும் உருப்படியா வேலை செய்யும், என்ன, அதுல கொடி பறக்குற குரூப் போட்டோ கிடைக்காது.

இதெல்லாம் வெள்ளக்காரன் விஷயம்னு நாம ஒதுங்கவும் முடியாது. 2019லயும் 2023லயும் புனே பக்கம் ஔந்த்ல இந்தியாவே ஆப்பிரிக்க ராணுவங்கள கூப்பிட்டு அமைதிப்படை கூட்டுப் பயிற்சி நடத்திருக்கு, இப்ப நாமளும் குடுக்கற கை. 1987லேருந்து 90 வரைக்கும் இலங்கைல அரசியல் தெளிவில்லாம படை போய் என்ன பட்டுச்சு, என்ன பண்ணுச்சுன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, தமிழனுக்கு சுத்தமா வேண்டியதில்ல. அதனால அடுத்த தடவை ஔந்த்ல நடத்தும்போது சிப்பாய்ங்களோட அந்தந்த நாட்டு வெளியுறவு, நிதி அமைச்சக ஆளுங்களையும் கூப்பிட்டு, ரெண்டு நாடு ஒத்துக்கலன்னா படை கிளம்புமா கிளம்பாதா, கிளம்பினா டீசல் காசு யாருதுங்கறத மேஜைல வச்சு மூணு நாள் சண்டை போட விடுங்க. செக்போஸ்ட் ஒத்திகைய அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.