கப்பல் வருமா என்று கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை இங்கே பினாங்கில் மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். வந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். வராதவர்களுக்கும் அந்தக் காணொளித் துண்டு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். இன்று காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள், மூன்றும் சிரிப்புப் பொம்மையோடு. அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி மேடையைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி. "ஐயா, அந்த நாகப்பட்டினம் கப்பல மறுபடி விடுவாங்களா?" மேடையில் இருந்தவர் "தெரியாதும்மா" என்று சொல்லியிருக்கலாம். "வராதும்மா" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். "பிளேன்ல நாலு மணி நேரம் பாட்டி, கப்பல்ல போனா நீங்க கருமாதிக்குத்தான் போய்ச் சேருவீங்க" என்றார். மண்டபமே சிரித்தது. பாட்டியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டது தப்போ என்று நினைத்துவிட்ட மனிதர் அப்படித்தான் சிரிப்பார்.

அது அவர் கனவில் கண்ட கப்பல் இல்லை. ரஜூலா என்ற கப்பல் 1926-ல் கட்டப்பட்டது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்வந்தது. அதற்குப் பிறகு சிதம்பரம் என்ற கப்பல். நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பெரியவர்கள் அந்த இரண்டில் ஒன்றில் வந்திறங்கியவர்கள்? மண்டபத்தில் சிரித்தவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறதே, அந்தப் பெயர் எந்த வழியாக இந்தத் தீவுக்கு வந்தது? நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் நடந்தே போகிற தூரம்தான். இந்த ஊரின் பாதிக் கதை அந்தக் கடல் வழியில் கிடக்கிறது. அதைப் பற்றி ஒருவர் கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

என் பாட்டி 1951-ல் ரஜூலாவில் வந்தவர். அப்பாவுக்கு அப்போது நான்கு வயது. டெக் டிக்கெட். மேல்தட்டில் கோரைப்பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அப்பாவின் இடுப்பில் ஒரு துணியைக் கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினாராம். வந்து சேர்ந்தது ஐந்தாம் நாளா ஆறாம் நாளா என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வார். ஆனால் பக்கத்துப் பாயில் இருந்த திருவாரூர்க்கார அம்மாள் ஒரு டின் நிறைய முறுக்கு கொண்டு வந்ததையும், மூன்றாம் நாளே அது நமுத்துப் போனதையும், நமுத்ததையும் விடாமல் எல்லோரும் பங்கு போட்டுத் தின்றதையும் ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. பினாங்கு மலை முதலில் கண்ணில் பட்டபோது டெக்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள் என்பார்.

சரி, வந்த கதை போதும். போன கதைதான் எனக்கு முக்கியம்.

பாட்டியின் தம்பி துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். குடியுரிமை எடுக்கவில்லை, அதனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசி. 1969-க்குப் பிறகு சிவப்பு ஐசிக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை பார்க்க முடியாது என்று கெடுபிடி வந்தபோது அவருக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. அப்படித் திரும்பிப் போன ஆயிரக்கணக்கான தமிழர்களில் அவரும் ஒருவர். எந்த ரஜூலா அக்காவைக் கொண்டுவந்து இறக்கியதோ அதே ரஜூலாவில்தான் 1970-ல் ஏறினார். பாட்டி துறைமுகத்தில் நின்று பார்த்தார். "ரெண்டு வருசத்துல கப்பல் ஏறி வந்துருவேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு நீலநிற ஏரோகிராம் மட்டும்தான் வந்தது, ஆள் வரவில்லை. பாட்டியும் போகவில்லை. கையில் காசு இருந்த வருடம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, எல்லோரும் நன்றாக இருந்த வருடம் காசு இல்லை. அப்புறம் 1985-ல் கப்பலே நின்றுபோனது. பாட்டி 1998-ல் இறக்கும் வரை அந்தக் கப்பலை மறுபடி விடுவார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே சனிக்கிழமை முன்வரிசையில் இருந்தவர் கேட்டபோது எனக்குக் கேட்டது யாருடைய குரல் என்று உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

இப்போது வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். "விமானம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து பினாங்கிலிருந்து சென்னைக்கு நேராகவே பறக்கலாம். நானும் விமானத்தில் போகிறவன்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டி சென்னைக்கு எவ்வளவு சீக்கிரம் போகலாம் என்று கேட்கவில்லையே! கப்பல் வருமா என்று கேட்டார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக் கைதட்டு வாங்குவது எந்த ஊர் மரியாதை?

"கட்டுப்படியாகாது, டிக்கெட் விற்காது" என்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. அது உண்மையாகவே இருக்கலாம். இங்கிருந்து நாகப்பட்டினம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். சுமத்ராவின் மேடானுக்கு ஓடிய விரைவுப் படகே நின்றுபோனது, அது நமக்குப் பக்கத்துக் கரை. இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுவார்கள் என்று பத்து வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவரையும் பார்த்து இப்படித்தான் சிரித்திருப்பீர்கள். 2023 அக்டோபரில் விட்டார்கள். சில நாளில் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். அது சின்னத் தூரம், சில மணி நேரம், எனக்கும் தெரியும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நின்றுபோன கப்பல் திரும்ப வருமா என்று கேட்பது பைத்தியக்காரத்தனம் இல்லை, அவ்வளவுதான்.

"சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து ஆட்கள் செத்தார்களே, அதை ஏன் சொல்லவில்லை" என்று ஒரு நண்பர் கேட்டார். சொல்கிறேன். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீ. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் குடும்பங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும், அவர்கள் கப்பலே வேண்டாம் என்றால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் சனிக்கிழமை சிரித்தவர்கள் அந்த முப்பது பேரை நினைத்தா சிரித்தார்கள்?

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். படித்தவர்கள். "கூலிகளை ஆடுமாடு மாதிரி அடைத்துக்கொண்டு வந்த கப்பலுக்கு ஏன் ஏங்குகிறீர்கள்" என்பார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையில் வலிக்கிறது. டெக்கில் படுத்து வந்தது என் பாட்டி. வாந்தி எடுத்தது அவர். வந்து இறங்கியவர்களில் நோய்க்குறி இருந்தவர்களை ஜெரஜாக் தீவில் இறக்கித் தனிமைப்படுத்தி வைப்பார்கள் என்று பயந்துகொண்டே, அப்பாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தது அவர். அந்தக் கஷ்டத்தை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அத்தனையும் தெரிந்துதான் கப்பல் வருமா என்று கேட்டார். ஏனென்றால் தம்பியைக் கொண்டுபோனதும் அதுதான், திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்ததும் அதுதான்.

ஒன்று ஞாபகம் இருக்கிறதா? 2020 கடைசியில் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் ஓடிய நம் பழைய ஃபெரிகளுக்கு ஓய்வு கொடுக்கப் போகிறார்கள் என்றதும் என்ன நடந்தது! குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசிப் பயணம் போனோம். படம் எடுத்தோம், அழுதோம், பக்கம் பக்கமாக எழுதினோம். நானும் எழுதினேன், உங்களில் பலர் அதற்குக் கண்ணீர்ப் பொம்மை போட்டீர்கள். அப்போது பாலம் இல்லையா? இரண்டு பாலம் இருந்தது. "பாலத்தில் போனால் சீக்கிரம் போகலாமே" என்று யாராவது யாரையாவது பார்த்துச் சிரித்தோமா? இல்லை. ஏனென்றால் அது நம் ஞாபகம். மண்டபத்துப் பாட்டியுடையது அவருடைய ஞாபகம், அதனால் அது நகைச்சுவையாகிவிட்டது.

அந்தத் தலைமுறையை நாம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், மருந்து வாங்கிக் கொடுக்கிறோம், பேரப்பிள்ளை கல்யாணத்தில் முன்னால் உட்கார வைத்துப் படம் எடுக்கிறோம். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. என் பாட்டி இருந்தபோது எனக்குக் கல்லூரி வயது. அவர் கப்பல் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவேன். தம்பி எந்த மாதம் கப்பல் ஏறினார், கடைசியாக என்ன எழுதினார், எதையும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. 2011-ல் அப்பாவோடு கீழ்வேளூர்ப் பக்கம் போய் விசாரித்தோம். அவர் இறந்து வெகு நாளாகியிருந்தது. வீட்டில் ஒரு மருமகள் இருந்தார். எங்கள் பாட்டியின் படத்தை அவர்கள் சாமி மாடத்தில் வைத்திருந்தார்கள். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "மாமா வச்சது, எடுக்கக் கூடாதுன்னுட்டாரு" என்றார்.

சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பாட்டியை வெளியில் தேடினேன். யாரோ கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாம்பல்நிறப் புடவை, கையில் துணிப்பை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். அவர் எந்தக் கப்பலில் வந்தார், யாரைப் பார்க்கப் போக வேண்டும் என்று நேரில் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு நேரம் இருக்கிறது.