கிளிநொச்சி பண்டாரவன்னியனின் தலைநகர் அல்ல

ஒருவர், இலங்கையின் வடக்கிலுள்ள கிளிநொச்சி நகரம் வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் தலைநகராக இருந்தது என்றும், ஏ-9 வீதியோரக் கடைத்தெரு அவன் காலத்தது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது முல்லைத்தீவுக் கோட்டையை. அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் அவன் தோற்றதாக வெள்ளையர் கல் நட்டதோ கற்சிலைமடுவில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம். கிளிநொச்சி இந்தக் கதையில் எங்கே வருகிறது?

இன்று நாம் காணும் நகரம் 1936இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தின் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் நிலம் போதாமல், வேலையும் இல்லாமல் தவித்தவர்களுக்கு இங்கே காடு வெட்டிக் காணி கொடுத்தார்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம் தண்ணீர் கொடுத்தது. உருத்திரபுரத்தில் வழி கேட்டுப் பாருங்கள்: 'எட்டாம் வாய்க்காலால் போங்கோ' என்பார்கள். அரசர் பெயரில்லை, வாய்க்கால் இலக்கம்தான் முகவரி. கரடிப்போக்குச் சந்தியின் பெயரே அங்கே முன்பு யார் நடமாடினார்கள் என்று சொல்கிறது. இப்போது பஸ் போகிறது.

தனி மாவட்டமானதுகூட 1984இல்தான். அதுவரை யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதி.

மண் பழையது என்றால் மறுக்கமாட்டேன். இரணைமடுவில் கற்காலக் கருவிகளே கிடைத்திருக்கின்றன. அதை வைத்துப் பெருமை பேசலாமே, இல்லாத அரண்மனை எதற்கு? காடு வெட்டிய கிழவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்த வயல்களில்தான் விதைக்கிறார்கள்.