தானம் வந்த மாடானாலும் பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். வறுமையிலும் வன்முறையிலும் சிக்கி வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த பெண்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் ஓர் ஏலத்தில், நன்கொடையாக வரும் பரிசுகளைப் பெற்றுப் பதிவேட்டில் ஏற்றும் வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்தப் பழமொழி ஏல மேசைக்குப் பொருந்தாது என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. பல்லைப் பார்க்க நாம் தயங்கினால், கையில் பணத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்த்துவிடுவார். பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார். அந்த மௌனத்தால் குறைவது அப்பெண்களுக்குச் சேரவேண்டிய தொகை.

இதை எனக்குக் கற்பித்தது ஒரு கோப்பைப் பெட்டி. நான் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில், ஒட்டுப் பிரிக்காத அட்டைப்பெட்டியில் ஆறு தேநீர்க் கோப்பைகளை ஒருவர் கொண்டுவந்து தந்தார். பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது கொடுத்தவரைச் சந்தேகிப்பது போலாகிவிடும் என்று நினைத்து, ‘புதியது, பயன்படுத்தப்படாதது’ என்று பட்டியலில் எழுதிவிட்டேன். ஏலத்தில் எடுத்த அம்மையார் வாசலருகே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து அங்கேயே பெட்டியைப் பிரித்தார். இரண்டு கோப்பைகளுக்குப் பிடி இல்லை. அடியில் மஞ்சளாகிப் போன ஒரு சிறிய வாழ்த்து அட்டை கிடந்தது. யாரோ யாருக்கோ இல்லற வாழ்வு இனிதே அமைய வாழ்த்தி எழுதியது. அவர் கோபப்படவில்லை, அட்டையை மட்டும் என்னிடம் நீட்டினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எந்தப் பெட்டியானாலும் கொடுப்பவரின் முன்னிலையிலேயே பிரித்துப் பார்க்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளித்துக்கொள்ளட்டும்.

கொடுப்பவர்களில் பலருக்கு ஓர் அடிப்படைக் குழப்பம் இருக்கிறது. தாங்கள் தரும் பொருள் அந்தப் பெண்களுக்கான அன்பளிப்பு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பையோடு வெளியேறிய ஒருத்திக்கு அடுத்த மூன்று மாதங்களில் என்னென்ன வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வாடகை வீட்டுக்கு முன்பணம், வழக்குரைஞருக்குக் கட்டணம், விட்டுவிட்டு வந்த சான்றிதழ்களுக்கு நகல் வாங்கும் செலவு, பிள்ளையைப் புதிய பள்ளியில் சேர்க்கும் செலவு, நேர்காணலுக்குப் போய்வர வழிச்செலவு. இவற்றில் எதையும் அலங்காரப் பொருளைக் கொடுத்துத் தீர்க்க முடியாது. துணியாகவோ பாத்திரமாகவோ தரும்போது அவளுக்கு எது தேவை என்பதை நாம் முடிவு செய்கிறோம். பணமாகத் தரும்போது அவளே முடிவு செய்கிறாள். ஆண்டுக்கணக்கில் கையில் ஒரு காசும் தங்கவிடாமல் வைக்கப்பட்டிருந்தவளுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. பொருளைப் பணமாக்கித் தருவதற்காகத்தான் ஏலம் என்ற ஏற்பாடே இருக்கிறது. ஆகவே ஒரு பரிசைப் பார்த்ததும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இதற்கு விலை கேட்க இரண்டு பேர் இருப்பார்களா என்பதுதான்.

ஏன் இரண்டு பேர்? வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961இல் ஏலங்களைப் பற்றி எழுதிய கட்டுரை அத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. 1996இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. விலை படிப்படியாக ஏறும் ஏலத்தில், வென்றவர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தார் என்பது விலையைத் தீர்மானிப்பதில்லை; அவருக்கு அடுத்தபடியாக ஆசைப்பட்டவர் எந்த இடத்தில் கையை இறக்கினார் என்பதே தீர்மானிக்கிறது. ஒருவர் ஒரு பொருளுக்காக உயிரையே விடுவார் என்றாலும், போட்டியாக விலை கேட்க ஆளில்லாவிட்டால் தொடக்க விலைக்கே அது அவர் வீட்டுக்குப் போய்விடும். ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவுகிறவர் கண்ணால் துழாவுவது அந்த இரண்டாவது ஆளைத்தான்.

எங்கள் கூடத்தில் இதை நேரிலேயே கண்டேன். ஆளுயரச் சுவர்க்கடிகாரம் ஒன்று வந்திருந்தது; கடையில் வாங்கினால் மிக உயர்ந்த விலை. அதை வைக்கும் அளவுக்கு வீடு உள்ளவர் ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். தொடக்க விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். அதே மாலையில், ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் வீட்டுக்கு வந்து ஆடும் நாற்காலி, மூடாத கதவு, இழுத்தால் வராத மேசை இழுப்பறை எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாக எழுதிக்கொடுத்த அரைத்தாள், கடிகாரத்தைவிட அதிகத் தொகைக்குப் போயிற்று. ஐந்து பேர் விடாமல் கேட்டார்கள். யார் வீட்டில்தான் மூடாத கதவு இல்லை?

பெரிய எடுத்துக்காட்டுகளும் இதையே சொல்கின்றன, ஆனால் அவற்றை நாம் தவறாகப் படிக்கிறோம். முதலீட்டாளர் வாரன் பஃபெட் தம்மோடு உட்கார்ந்து மதிய உணவு உண்ணும் வாய்ப்பை, சான்பிரான்சிஸ்கோவில் ஏழைகளுக்கும் வீடற்றவர்களுக்கும் உதவும் கிளைட் என்ற அமைப்புக்காக 2000ஆம் ஆண்டு முதல் ஏலத்துக்குத் தந்தார். 2022இல் நடந்த ஏலத்தில் அது 1 கோடியே 90 லட்சம் டாலருக்குப் போனது. ‘பிரபலம் ஒருவர் கிடைத்தால் போதும்’ என்று நம் குழுக்கூட்டங்களில் உடனே யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஆனால் முதல் ஆண்டில் அதே பஃபெட்டுடன் அதே மதிய உணவு 25 ஆயிரம் டாலருக்குத்தான் போனது. 2003இல் ஏலத்தை ஈபே இணையதளத்துக்கு மாற்றியதும் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அந்தச் சில ஆண்டுகளில் பரிசு மாறவில்லை. அதை விரும்பக்கூடிய இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் ஏலத்துக்குள் வர வழி கிடைத்தது.

பழைய பொருள் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1997 ஜூனில் இளவரசி டயானா தாம் உடுத்திய 79 உடைகளை நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் வழியே புற்றுநோய், எய்ட்ஸ் தொடர்பான அறப்பணிகளுக்காக விற்றபோது 30 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அத்தனையும் பழைய துணிதான். எப்போது, எங்கே, யார் முன்னிலையில் உடுத்தியது என்ற விவரம் ஒவ்வொன்றோடும் ஒட்டியிருந்தது. நம்மிடம் வரும் பொருள்களுக்கு அத்தகைய வரலாறு இருக்காதுதான். ஆனாலும் ‘பழைய தையல் இயந்திரம்’ என்று எழுதுவதற்கும், அதைத் தந்தவர் அதில் தைத்தே மூன்று பெண்களைப் படிக்கவைத்தார் என்று அவருடைய ஒப்புதலோடு எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. எழுதினேன், இரண்டு பேர் கேட்டார்கள்.

இன்னொரு பக்கம், பரிசுகள் அதிகமாக வருவதும் தொல்லைதான். யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது என்று ஓர் ஆண்டு முடிவு செய்து, வந்த விருந்தினர்களின் எண்ணிக்கையைவிட அதிகமான பொருள்களை மேசைகளில் பரப்பிவைத்தோம். ஆளுக்கொரு பொருள் பக்கம் போய்விட்டார்கள், போட்டியே எழவில்லை. விலையை எழுதிக் கேட்பதற்காக ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் வைத்த தாள்களில் பெரும்பாலானவற்றில் ஒற்றைப் பெயர்தான் இருந்தது. இப்போது பொருள்களைக் குறைத்து, சிறியவற்றை ஒரே கூடையாகச் சேர்த்து, கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவே எங்கோ தொடக்க விலையை வைக்கிறோம். தொடக்கத்திலேயே முழு விலையை வைத்தால் முதல் கை எழுவதே இல்லை.

பொருளுக்குப் பதிலாக இலவசச் சேவை தருவதாக வரும் சீட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தங்கும் விடுதி ஒன்று இரண்டு இரவுகள் இலவசம் என்று அச்சிட்ட அழகான உறையைத் தந்தது. விளம்பரத்தில் அவர்களுடைய பெயரை எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும் என்பதற்கு மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. அந்தப் பரிசை எடுத்த தம்பதியர் நான்கு முறை முயன்றும் இடம் கிடைக்கவில்லை. வார இறுதி செல்லாது, விடுமுறைக் காலம் செல்லாது, அறுபது நாள்களுக்கு முன்பே சொல்ல வேண்டும் என்றெல்லாம் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவர்கள் விடுதியைத் திட்டவில்லை, எங்களைத் திட்டினார்கள்; அடுத்த ஆண்டு வரவும் இல்லை. இப்போது பின்பக்கத்தை முதலில் படிக்கிறேன். ஏல நாளிலிருந்து ஓராண்டாவது செல்லாத சீட்டை வாங்குவதில்லை, நிபந்தனைகளைப் பரிசின் பெயருக்கு இணையான எழுத்தில் பட்டியலிலேயே போட்டுவிடுகிறேன்.

ஓவியர்களையும் கைவினைஞர்களையும் மட்டும் நாம் கொஞ்சம் கூச்சத்தோடு அணுக வேண்டும். எல்லா அமைப்புகளும் முதலில் தட்டுவது அவர்கள் கதவைத்தான். ‘உங்களுக்கும் விளம்பரம்’ என்ற பசப்பு வேறு. அமெரிக்க வரிச் சட்டப்படி, ஓவியர் தம் படைப்பையே நன்கொடையாகத் தந்தால் வண்ணத்துக்கும் துணிக்கும் ஆன செலவை மட்டுமே வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியும். அவருடைய உழைப்புக்கு மதிப்பே கிடையாது. போதாக்குறைக்கு, ஏலத்தில் அது அடிமாட்டு விலைக்குப் போனால், அடுத்து வாங்க வருபவர் அந்த விலையைச் சொல்லியே பேரம் பேசுவார். அதனால் அவர்களுடைய படைப்புக்கு மட்டும், இதற்குக் கீழே விற்பதில்லை என்ற ஒரு விலையை அவர்களையே சொல்லச் சொல்கிறோம். விலை போகாவிட்டால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது விற்காமல் மிஞ்சும் பொருள்களை முன்னிட்டுத்தான். எடுத்துக்கொண்டு போகும்படி கேட்டால், ‘அந்தப் பெண்களுக்கே கொடுத்துவிடுங்கள், பயன்படட்டும்’ என்கிறார்கள். பணம் வைத்திருக்கும் இருநூறு பேர் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்த பொருள், ஒன்றும் இல்லாதவளுக்கு மட்டும் எப்படிப் பயன்படும்? ஒருமுறை நானும் அப்படி இரண்டு பெட்டிகளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். பொறுப்பாளர் உள்ளே அழைத்து, அலமாரியைத் திறந்து காட்டினார். பல் போன சீப்பு, ஒற்றைக் காதணி, பாதி தீர்ந்த நறுமணக் குப்பி, உடல் இளைப்பதற்கான பயிற்சிச் சீட்டு. ‘இதையெல்லாம் நாங்கள்தான் குப்பையில் போட வேண்டியிருக்கிறது, அதற்கும் வண்டிக்கூலி கொடுக்கிறோம்’ என்றார். என் பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மேடையில் அப்பெண்களில் ஒருவரை நிறுத்தி அழவைத்தால் கேட்புத் தொகை ஏறும் என்ற யோசனையும் ஆண்டுதோறும் வருகிறது, ஆண்டுதோறும் மறுக்கிறோம். அதற்குப் பதிலாக ஏலத்தின் கடைசியில் பரிசே இல்லாத ஒரு சுற்று வைக்கிறோம்: ஒருவரின் ஒரு மாத வாடகைக்கு எவ்வளவு, ஒரு பயிற்சிக் கட்டணத்துக்கு எவ்வளவு என்று தொகையைச் சொல்லி, விரும்புகிறவர்கள் கையைத் தூக்கலாம் என்கிறோம். ஏலத்தில் தோற்றவர்களின் பணம் அவர்கள் பையிலேயே இருக்கிறது அல்லவா? அது வெளியே வருவதற்கு இந்தச் சுற்றுதான் வழி. கடந்த இரண்டு ஆண்டுகளாக எந்தத் தனிப் பரிசையும்விட இதில் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. பரிசே தேவையில்லையோ என்று அப்போது எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூடத்துக்கு வரவழைத்ததும், அதுவரை கலையாமல் உட்காரவைத்ததும் பரிசுகள்தான்.

இந்த ஆண்டுப் பட்டியல் நேற்றுத் தொடங்கியிருக்கிறது. முதலில் வந்தவர் அந்தத் தச்சரேதான். சென்ற முறை போல அரைத்தாள் இல்லை. முழுத்தாளில், கோடு போட்டு, தாமே நிபந்தனைகளை எழுதிக் கொண்டுவந்திருந்தார்: காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, எந்தக் கிழமையானாலும் சரி, ஆணியும் பசையும் தன் செலவு, மரம் வாங்க வேண்டியிருந்தால் வீட்டுக்காரர் செலவு, கூரை மேல் மட்டும் ஏறச் சொல்லக் கூடாது, முழங்கால் வலி. தொடக்க விலை என்ன போடலாம் என்று கேட்டேன். போன முறை முடிந்த விலையிலேயே தொடங்கலாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். பாதியில் தொடங்குவோம் என்று சொல்லி எழுதிக்கொண்டேன்.